ஓவர்டைம்

(புதுச்சேரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'வளைகுடாவில் நம்மவர் வாழ்க்கை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் கடல் கடந்த கதை பேச வருகிறவர்கள் அரிக்கமேட்டிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். ரோமாபுரிக் கப்பல், மது ஜாடி, கண்ணாடி மணி என்று அரை மணி நேரம் ஓடிவிடும். நான் அரிக்கமேட்டுக்குப் போகப்போவதில்லை. கொஞ்சம் இந்தப் பக்கம், கடலூர் சாலைக்குப் போகிறேன்.

1936 ஜூலை 30. இந்த ஊர் மறக்காத தேதி. பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலை நேரத்தைக் குறை என்று கேட்டார்கள். வ. சுப்பையா வழிநடத்திய போராட்டம். பிரெஞ்சு அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேர வேலை பெற்ற மண் இது என்று இன்றைக்கும் மேடைதோறும் சொல்கிறோம். சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

அந்த ஆலைகளுள் ஒன்றில் வேலை பார்த்தவரின் மகன் நான். எட்டு மணி நேரம் முடிந்து சங்கு ஊதினால் வீட்டுக்கு வந்துவிடுகிற அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன். வளர்ந்து எங்கே போனேன்? ஷார்ஜாவுக்கு. என்ன வேலை? ஒரு கட்டடக் கம்பெனியில் டைம் கீப்பர். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று தாளில் எழுதுகிற வேலை. ஆகவே வளைகுடா வாழ்க்கையை எனக்கு மணிக்கணக்கில்தான் தெரியும். அந்தக் கணக்கையே உங்கள் முன் வைக்கிறேன்.

போன புதிதில் என்னிடம் ஒருவர் வந்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர், கம்பி கட்டுகிறவர். "அண்ணே, இந்த சைட்ல ஓ.டி. இல்லையாம். என்னை வேற சைட்டுக்கு மாத்தி விடுங்கண்ணே" என்றார். எட்டு மணி நேரத்தோடு வேலை முடிகிறது என்று ஒரு மனிதர் வருத்தப்படுகிறார்! எங்கள் ஊரில் இதற்காகத்தானே 12 பேர் செத்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

சட்டம் அங்கே இல்லையா? இருக்கிறது. அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் கால் பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். ரமலான் மாதத்தில் நாளைக்கு இரண்டு மணி நேரம் குறைக்க வேண்டும். பிறகு ஏன் அந்த மனிதர் பத்து மணி நேரத்துக்கு ஏங்குகிறார்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 800 திர்ஹம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மூன்றேகால் திர்ஹத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஓவர்டைம் என்றால் நான்கும் சில்லறையும். தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் ஓ.டி. பார்த்தால் ஏறத்தாழ 215 திர்ஹம் தேறும். சிக்கனமாக இருப்பவருக்கு மெஸ் கணக்கும் போன் செலவும் ஏறத்தாழ அதே அளவுதான் ஆகும். புரிகிறதா? எட்டு மணி நேரம் உழைத்தது அப்படியே ஊருக்குப் போகிறது. தன் வாய்க்கும் வயிற்றுக்கும் அவர் தனியாக இரண்டு மணி நேரம் உழைக்கிறார். ஓ.டி. இல்லை என்றால் ஊருக்கு அனுப்புவதில் கைவைக்க வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்கமாட்டார்.

சம்மதிக்க முடியாது என்பதே சரி. ஏன்? அவர் கடனோடு விமானம் ஏறியவர். ஆள் சேர்க்கும் ஏஜெண்டு 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே வாங்கலாம் என்று இந்திய அரசின் விதி சொல்கிறது. ஆனால் லட்சத்தைத் தாண்டிக் கொடுத்துவிட்டு, அதற்கு ரசீதும் இல்லாமல் போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். கையைத் தூக்கச் சொல்லமாட்டேன். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மனைவியின் நகை, மூன்று வட்டிக் கடன். ஆக, முதல் வருஷ உழைப்பு முழுக்க வட்டிக்காரருடையது. தன் குடும்பத்துக்காக அவர் உழைக்கத் தொடங்குவது இரண்டாம் வருஷத்தில்தான்.

இந்த 'அடிப்படை' என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சம்பளம் 1,500 திர்ஹம் என்று ஏஜெண்டு சொல்லுவார். தாளைப் பார்த்தால் அடிப்படை 700, மற்றதெல்லாம் படி. படியானால் என்ன, கைக்கு வருகிறதே என்று நம் ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஓ.டி. அடிப்படையை வைத்துத்தான் கணக்காகும். வேலையை விட்டு வரும்போது கொடுக்கிற பணிக்கொடையும் அப்படியே: அமீரகத்தில் முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். அடிப்படையைக் குறைத்து எழுதினால் பதினைந்து வருஷம் கழித்து வாங்கப்போகும் தொகையும் அன்றைக்கே குறைந்துவிடுகிறது. இதைச் செய்கிறவர்கள் தெரிந்தே செய்கிறார்கள். இதைத் தந்திரம் என்றுதான் நான் சொல்லுவேன். கணக்கு எழுதிய கை இது.

சரி, ஒரு நாள் எப்படிப் போகிறது?

கோடைக்காலத்து நாளையே எடுத்துக்கொள்வோம். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது. கத்தாரில் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை. குவைத்தில் 11 முதல் 4 வரை. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த நேரத்தை எங்கே ஈடுகட்டுவது? விடியற்காலையில். ஆகவே மூன்றரை மணிக்கே தொழிலாளர் கேம்ப்பில் விளக்கெரியும். குளியலறைக்கு வரிசை, அடுப்புக்கு வரிசை, பஸ்ஸுக்கு வரிசை. அந்த வரிசையில் யாருக்கும் பெயர் கிடையாது, கம்பெனி நம்பர்தான். பெயர் ஞாபகம் இல்லாமல் நம்பரை வைத்தே ஆளைத் தெரிந்து வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

விடியற்காலையில் ஆக்கிய சோற்றையும் குழம்பையும் தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் 45 டிகிரி வெயிலில் பதினோரு மணிக்குள் நொந்துவிடும். குப்பூஸ் ரொட்டி நொந்துபோகாது. விலையும் குறைவு. வளைகுடாவில் நம் ஆட்கள் ஏன் குப்பூஸ் தின்கிறார்கள் என்றால், ருசிக்காக என்று நினைக்காதீர்கள், வெயிலுக்காக. ராத்திரி அறைக்கு வந்த பிறகுதான் ரசமும் சோறும். சமையலுக்கு முறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒருவர், திங்கட்கிழமை இன்னொருவர். ஊரில் அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆண்பிள்ளைகள் அங்கே போய் மீன்குழம்பில் கைதேர்ந்தவர்களாகிவிடுவார்கள். லீவில் வந்ததும் அதே ஆண்பிள்ளை தண்ணீர் சொம்பைக்கூட எடுத்துத் தருமாறு கேட்பார். தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாததா!

அறை எப்படி? தங்குமிடத்தில் ஆளுக்குக் குறைந்தது மூன்று சதுர மீட்டர் வேண்டும் என்பது அமீரக விதி. அடுக்குக் கட்டில். கட்டிலைச் சுற்றி ஒரு திரை. கட்டிலுக்கு அடியில் பெட்டி, தலைமாட்டில் பிளக் பாயிண்ட். ஒருவருக்குச் சொந்தம் என்று சொல்ல அந்தத் திரைக்குள் இருப்பதுதான். இரவு ஷிப்டுக்காரர் தூங்குகிறார் என்றால் பகலில் விளக்கைப் போடமாட்டார்கள், உரக்கப் பேசமாட்டார்கள். யாரும் எழுதி வைக்காத சட்டம் இது. ஒரு அறையில் பெஷாவர்க்காரர், கொல்லம்காரர், டாக்காக்காரர், நம்மூர்க்காரர். இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்தவரின் மகன் ஷார்ஜாவில் ஒரு பட்டாணியரிடம் இந்தி படித்தார். எனக்குத் தெரிந்து நல்ல இந்தி. அப்பா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

இப்படி ஓர் அறையில் பத்து வருஷம், இருபது வருஷம். குடும்பத்தை அழைத்துக்கொண்டு போகக்கூடாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அமீரகத்தில் குடும்ப விசா எடுக்க 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும்; அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி கொடுக்கும் வீடும் வேண்டும். கம்பி கட்டுகிறவருக்கு அது எட்டுமா? எட்டாது. கணக்கர், பொறியாளர், வங்கி அதிகாரி ஆகியோருக்கு எட்டும். ஒரே நகரத்தில் இரண்டு வகை வளைகுடா இருக்கிறது. வெள்ளிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகிற வளைகுடா ஒன்று. அதே வெள்ளிக்கிழமை அழுக்குத் துணியை வாளியில் ஊறவைத்துவிட்டு, துபாயில் தேரா பக்கம் ஊர்க்காரர்களைப் பார்க்கப் போகிற வளைகுடா ஒன்று. 2022-ல் அமீரக அரசு வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிவிட்டது. வாளியும் துணியும் மாறவில்லை. நான் பேசுவது இந்த இரண்டாவது வளைகுடாவைப் பற்றி.

அங்கே கூடும்போது என்ன பேசுவார்கள்? ஊரைப் பற்றி. யார் லீவில் போகிறார்கள், யார் கையில் கடிதம் கொடுத்தனுப்பலாம் என்று. முன்பு ஒலிநாடாவில் பேசி அனுப்புவார்கள். குழந்தையை 'அப்பா' என்று சொல்ல வைத்துப் பதிவு செய்து இங்கிருந்து அனுப்புவார்கள். அங்கே அறையில் எட்டுப் பேரும் கேட்பார்கள். இப்போது கையில் போன் இருக்கிறது. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது, ஆகவே போட்டிம் என்ற செயலி. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதியும் கத்தாரும் இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே பிள்ளை தூங்கப் போகும் நேரத்துக்குள் அங்கே அப்பா அறைக்கு வந்திருக்க வேண்டும். ஓ.டி. பார்த்தால் வந்து சேர முடியாது.

ஒரு விஷயம் சொல்லுவேன், வளைகுடாத் தம்பிகள் கோபிக்கக்கூடாது. கடிதக் காலத்தில் வீட்டில் ஒரு சண்டை என்றால், அதைச் சொல்லும் கடிதம் அங்கே போய்ச் சேர்வதற்குள் சண்டை ஆறிவிடும். இப்போது மாமியார் மருமகள் பேச்சு சாரத்தின் மேலே நிற்கிறவர் காதில் நேரடியாக விழுகிறது. கட்டடத்தின் இருபதாவது மாடியில் நிற்கிற மனிதருக்கு இது தேவையா? வேலை நேரத்தில் கூப்பிடாதீர்கள். டைம் கீப்பராக இருந்தவன் கேட்கிறேன்.

பெண்களைப் பற்றி இந்த மாதிரிக் கூட்டங்களில் பேசுவதே இல்லை. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு டைம் ஷீட் கிடையாது. அவருக்கு ஓ.டி. என்ற சொல்லே கிடையாது, ஏனென்றால் வேலை எப்போது முடிகிறது என்று யாரும் எழுதுவதில்லை. குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று நம் அரசு விதித்திருக்கிறது. அதை மீறிச் சுற்றுலா விசாவில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் போன பெண்ணுக்கு ஒரு துன்பம் என்றால், அவர் வேலைக்காகத்தான் வந்தார் என்று காட்ட ஒரு தாள் இருக்காது. யார் வந்து வாசலில் எந்த வாக்குறுதி கொடுத்தாலும், சுற்றுலா விசாவில் ஒரு பெண்ணை அனுப்பாதீர்கள்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். கடல் கடந்து போவது புதுச்சேரிக்குப் புதிதா? வளைகுடாவில் பெட்ரோல் காசு பெருகியது 1973-க்குப் பிறகு. நாமோ அதற்கு நூறு வருஷம் முந்தியே கப்பலேறியவர்கள். பிரெஞ்சுக்காரர்களின் சைகோனுக்கு எழுத்தராகப் போனோம், காவலராகப் போனோம், பட்டாளத்துக்குப் போனோம். 1962-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று ஏறத்தாழ ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவரை ஊரில் 'சொல்தா' என்றோம். சொல்தாவுக்குப் பென்ஷன் வந்தது. அவர் காலமான பிறகு அவர் மனைவிக்கும் வந்தது. அவர் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் வந்தது. பெண் கேட்டு வருகிறபோது 'மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி' என்று தரகர் குரலை உயர்த்திச் சொன்னார். போரில் இறந்தவர்களுக்குக் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் நிற்கிறது.

வளைகுடாவுக்குப் போனவருக்கு என்ன வந்தது? இருபது வருஷம் இருந்தாலும் குடியுரிமை இல்லை. பென்ஷன் இல்லை. வேலை போனால் விசாவும் போகும். பஞ்சாலைகள் இளைத்தபோது, அப்பாவின் ஆலையில் இடமில்லாத பிள்ளைகள் பம்பாய் வழியாகவும் சென்னை வழியாகவும் அங்கே போனார்கள். 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை 2020-ல் மூடப்பட்டே விட்டது. போனவர்கள் அனுப்பிய பணத்தில் காரைக்காலிலும் வில்லியனூர்ப் பக்கத்திலும் வீடுகள் எழும்பின, தங்கைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, தம்பிகள் பொறியியல் படித்தார்கள். ஆனால் சொல்தாவைப் பற்றி இந்த ஊர் பேசுகிற அளவுக்கு, வளைகுடாவுக்குப் போய் வந்த சபராளியைப் பற்றிப் பேசியிருக்கிறதா? இல்லை. அவர் கொண்டுவந்த கோடாலித் தைலத்தைப் பற்றிப் பேசினோம். நிடோ பால்பவுடர் டப்பாவைப் பற்றிப் பேசினோம். யாருக்குப் பெரிய கம்பளம், யாருக்குச் சின்ன சென்ட் பாட்டில் என்று சண்டை போட்டோம். அந்தப் பெட்டியில் 30 கிலோ இருந்தது என்று தெரியும். அதற்கு எத்தனை மணி நேரம் ஓ.டி. என்று கேட்டோமா?

இது ஊரின் குற்றம் மட்டும் இல்லை. போனவர்களும் சொல்லவில்லை. வீடியோவில் பேசும்போது கட்டிலையும் திரையையும் காட்டமாட்டார்கள். வெள்ளைச் சுவர்ப் பக்கம் போய் நின்றுகொள்வார்கள். "நல்லா இருக்கேன்" என்பார்கள். இங்கே அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியதை வீட்டில் இருப்பவர்கள் சொல்லமாட்டார்கள். இரண்டு பக்கமும் பாசம்தான். ஆனால் இந்தப் பாசத்தால், ஒருவருக்கு ஒன்று நேர்ந்தால் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், எந்தக் கேம்ப்பில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாத வீடுகள் இருக்கின்றன.

நேர்ந்தது, ஐயா! 2024 ஜூன் 12. குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் பிடித்த தீயின் புகை மேலே ஏறியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பலர் மூச்சுத் திணறியே இறந்தார்கள். இறந்த இந்தியர்கள் குறைந்தது 45 பேர். அவர்களில் தமிழர்கள் 7 பேர். விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அந்த ஏழு வீடுகளிலும் முந்தின நாள் இரவு "நல்லா இருக்கேன்" என்ற குரல் கேட்டிருக்கும்.

அதற்கும் முன்னால் 1990 ஆகஸ்ட் 2. குவைத்துக்குள் ஈராக் புகுந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவந்தார்கள். உலகம் வியந்த மீட்பு. அதில் திரும்பி வந்தவர்களின் சேமிப்பு அங்கே வங்கியில் நின்றுவிட்டது. பின்னாளில் நஷ்டஈடு கிடைத்ததா? தாள் வைத்திருந்தவர்களுக்குக் கேட்க வழி இருந்தது. தாள் இல்லாதவர்கள் எதைக் காட்டுவது?

ஆகவே நான் தாளைப் பற்றியே பேசி முடிக்கிறேன். கேரளத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக 1996-லேயே நோர்க்கா என்று தனித்துறை வைத்தார்கள். தமிழ்நாட்டில் ஆள் அனுப்ப அரசு நிறுவனமே 1978-ல் தொடங்கியிருக்கிறது. அயலகத் தமிழர்களுக்கு நலவாரியமும் இருக்கிறது. புதுச்சேரி அரசிடமும் அப்படிக் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை வீட்டில் செய்ய வேண்டியதை வீட்டில் செய்துவிடலாம்.

ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. கொடுக்கிற பணத்துக்கு ரசீது கேளுங்கள். குடியேற்ற அனுமதியோடு போகிறவருக்கு பிரவாசி பாரதீய பீமா காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம். அந்தத் தாள் அவர் பெட்டியில் இருந்து என்ன பயன்? நகல் மனைவியின் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் நகல், கடவுச்சீட்டின் நகல், கேம்ப் விலாசம், பக்கத்துக் கட்டில்காரர் இருவரின் போன் நம்பர், எல்லாம் வீட்டில் இருக்க வேண்டும். அனுப்புகிற பணத்தில் ஒரு பங்கு அவர் பெயரிலேயே சேர வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் திரும்பி வந்து தம்பியிடம் பஸ் காசு கேட்கிற நிலை ஒருவருக்கும் வரக்கூடாது. அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லீவில் வந்திருக்கிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். திரும்பிப் போவதற்குள் ஒரு நாள் உங்கள் கட்டிலையும் திரையையும் பற்றி வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த மாதம் முதல்முறையாகப் புறப்படப்போகிற தம்பிகள் சிலர் வந்திருப்பதாகக் கூட்டத் தலைவர் சொன்னார். கூட்டம் கலைந்ததும் போய்விடாதீர்கள். ஒப்பந்தத் தாளை போனில் படமெடுத்து வைத்திருந்தால் காட்டுங்கள். உட்கார்ந்து வரிக்கு வரி படித்துப் பார்த்துவிடுவோம்.